பத்து முதல் இரண்டு வரை குழலி

எர்ணாவூர்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள குழலிக்கு,

ஜெய்பீம். உன் இருமல் போனதா? மித்ராவின் காதுவலி எப்படி இருக்கிறது? இங்கே உன் அண்ணனுக்கு முதுகுப் புண் ஆறிவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைப்பதால் புதிதாக ஒன்றும் வரவில்லை. என் உடம்பைப் பற்றிக் கேட்காதே, அது பாட்டுக்கு இருக்கிறது.

ஞாயிறுதோறும் போனில் பேசுகிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் உன் அண்ணனுடையது. ஸ்பீக்கரில் போட்டுத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தால்தான் அவரால் பேச முடியும். நம் வீடோ ஒரே அறை. கண்டெய்னர் மேலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே எல்லாம் போன பிறகு, இந்த ஆறு வருடத்தில் அவர் காது மட்டும் பத்து மடங்கு கூர்மையாகிவிட்டது. மூன்றாம் மாடியில் படுத்துக்கொண்டு, கீழே பெட்டிக்கடையில் சிலுவையம்மாள் எந்த டப்பாவின் மூடியைத் திறக்கிறாள் என்று சொல்கிறார். அவர் காதில் விழாமல் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டுமென்றால் தபால்தான் வழி.

நான் வேலைக்குப் போகிறேன். போன திங்கட்கிழமையிலிருந்து. காலை பத்து மணி முதல் மதியம் இரண்டு மணி வரை, எக்ஸ்பிரஸ் ரோட்டுப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் டேலி பார்க்கிற வேலை. டிரெய்லரில் வரும் பெட்டியின் நம்பரைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எந்த யார்டு என்று கேட்பாய். ஆமாம், அதே யார்டுதான். நடந்து போகிற தூரத்தில் வேறு எது இருக்கிறது?

அவரிடம் தேரடியில் தையல் கிளாஸ் என்று சொல்லியிருக்கிறேன். பன்னிரண்டு மணிக்கு சிலுவையம்மாள் மாடி ஏறி வந்து அவரைத் திருப்பிப் படுக்க வைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டுப் போகிறாள்.

என் பயம் வேறு. நம் வீட்டுக்கு மூன்று உதவி வருகிறது. அவருக்கென்று பராமரிப்புத் தொகை, அவரைக் கவனித்துக்கொள்கிறவள் என்று என் பெயரில் கொஞ்சம், குடும்பத் தலைவி என்று உரிமைத்தொகை. இ-சேவை மையத்துப் பெண்ணிடம் யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டுப் பார்த்தேன். "வேலைக்குப் போறவங்க எப்டிக்கா கவனிச்சிக்கிறவங்க ஆவாங்க? ஒண்ணத் தொட்டா மத்ததையும் நோண்டுவாங்க" என்றாள். பாதி நாள் கவனித்துக்கொள்கிறவள் என்று அந்தத் தாளில் ஒரு கட்டம் கிடையாது, குழலி. முழுதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இல்லவே இல்லை.

எப்படியோ அதற்கும் ஒரு வழி செய்துவிட்டேன். உன் செல்ல மகள் மித்ராவுக்கு என் முத்தம்.

உன் அண்ணி
ரமாபாய்


ஆம்பூர்
20 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணிக்கு,

ஜெய்பீம். உங்கள் கடிதத்தைப் படித்த அதிர்ச்சியிலேயே இருமல் நின்றுவிட்டது. மித்ராவுக்குக் காது நன்றாகிவிட்டது, நான் சொல்வதுதான் அதில் ஏறவில்லை. அண்ணனின் முதுகை ஈரமில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் முட்டி வலியைப் பற்றி நீங்கள் எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

வேலைக்குப் போனது தப்பே இல்லை. ஆனால் தையல் கிளாஸா? ஆறு மாதம் கழித்து அண்ணன் "ஒரு ஜாக்கெட் தெச்சிக் காட்டு" என்றால் என்ன செய்வதாக உத்தேசம்?

அந்த யார்டு என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அங்கே எப்படி உங்களால் கால் வைக்க முடிகிறது?

தாள் விஷயத்தில் ஜாக்கிரதை. என் கதைதான் உங்களுக்குத் தெரியுமே. ஷூ கம்பெனியிலிருந்து நவ்ரீன் ஷூவின் மேல்பகுதித் தோலைக் கொண்டுவந்து தருகிறாள், நான் வீட்டில் உட்கார்ந்து கையால் தைத்துக் கொடுக்கிறேன். கிராம நிர்வாக அலுவலர் இந்தத் தெருவுக்குள் வந்தால் எல்லாவற்றையும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, மித்ராவைப் புத்தகத்தோடு மேலே உட்கார வைத்துவிடுவேன். ஆதரவற்ற விதவை என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். ஆதரவு என்று கண்ணில் படும்படி ஒரு ஜோடி ஷூகூட வீட்டில் இருக்கக் கூடாது. அந்த விதவைத் தொகையில்தான் வாடகை ஓடுகிறது.

வேலையில் சேர ஆதார் கேட்டிருப்பார்களே. எந்தப் பெயரில் சேர்ந்தீர்கள்? வழி செய்துவிட்டேன் என்று பாதியில் விட்டுவிட்டீர்கள்.

உங்கள்
கார்குழலி


எர்ணாவூர்
23 மார்ச் 2025

அன்புள்ள குழலிக்கு,

ஜெய்பீம். எல்லோரும் சுகம்தானே? இங்கே வெயில் ஏறிவிட்டது. உன் அண்ணனுக்கு வியர்வை வராத உடம்பு, அதனால் ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சாப்பாடு நன்றாக இறங்குகிறது.

அங்கே எப்படிக் கால் வைக்கிறேன் என்று கேட்டிருந்தாய். முதல் நாள் அவர் விழுந்த இடத்தைத் தேடினேன். ஆறு வருடம் மனதுக்குள் பார்த்துக்கொண்டிருந்த இடம். தரையெல்லாம் புதிதாக கான்கிரீட் போட்டுவிட்டார்கள். எந்த வரிசை என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் நான் யார் என்று சொல்ல வேண்டி வரும்.

பத்து மணி வெயிலில் பெட்டிகளைப் பார்க்க வேண்டும் நீ. நீலம், செங்கல் நிறம், மங்கிய பச்சை, ஒன்றின் மேல் ஒன்றாக ஐந்து மாடி. ஒவ்வொன்றுக்கும் நான்கு எழுத்து, ஏழு நம்பர். எந்தக் கடலையெல்லாம் தாண்டி வந்ததோ என்று நினைத்துக்கொண்டே எழுதுவேன். ஒன்றில் காப்பிக்கொட்டை வாசனை, ஒன்றில் ரப்பர். சில நேரம் டிரெய்லர் வராமல் அரை மணி நேரம் ஒன்றுமே நடக்காது. அப்போது முகத்துவாரத்துக் காற்று பெட்டிகளின் இடுக்கில் நுழைந்து யாரோ தூங்குவதுபோல மூச்சு விடும். எனக்கும் கண் சொருகும். நின்றுகொண்டே கனவு காண்கிறேன், குழலி. கனவில் எனக்கு வயது இருபத்தைந்து, எதிலிருந்தோ இறங்கி எங்கோ போய்க்கொண்டிருக்கிறேன், என்னை யாரும் தேடவில்லை.

போன வாரம் கழுவி வைத்திருந்த ஒரு காலிப் பெட்டிக்குள் போய் நின்றேன். கதவுப் பக்கம் மட்டும் வெளிச்சம். உள்ளே நின்று ஒரு பெயரைச் சொல்லிப் பார்த்தேன். அது நான்கு பக்கமும் போய்விட்டு என்னிடமே வந்தது.

நீ கேட்டதற்கு அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். அவர் கூப்பிடுகிறார், திருப்பிப் போட வேண்டும்.

உன் அண்ணி
ரமாபாய்


ஆம்பூர்
6 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

ஜெய்பீம். நாங்கள் இருவரும் நலம். அண்ணனுக்கு மோர் கொடுங்கள், உப்பு குறைத்து.

நான் கேட்டது ஒன்று, நீங்கள் காலிப் பெட்டிக்குள் நின்ற கதையை எழுதியிருக்கிறீர்கள். அழகாகத்தான் இருக்கிறது. நவ்ரீனுக்குப் படித்துக் காட்டினேன், அவள் ஷூவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். ஆனால் பதில் எங்கே?

இந்த மாதம் எனக்கு விதவைத் தொகை வரவில்லை. சில மாதம் தாமதமாவது உண்டு, பார்க்கலாம். மித்ரா பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறாள். அவளுக்காக அண்ணனை வாழ்த்தச் சொல்லுங்கள்.

உங்கள்
கார்குழலி


எர்ணாவூர்
27 ஏப்ரல் 2025

அன்புள்ள குழலிக்கு,

ஜெய்பீம். மித்ரா பரீட்சை நன்றாக எழுதியதாக ஞாயிறன்று நீ சொன்னதிலிருந்து உன் அண்ணன் எல்லோரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். எல்லோரும் என்றால் நானும் சிலுவையம்மாளும்தான். உன் கை விரல்கள் எப்படி இருக்கின்றன? ஊசி குத்திய இடத்தில் மஞ்சள் வை.

அவர் இப்போது ஒரு மாதிரி மாறியிருக்கிறார். ஒன்பதரை ஆனால் போதும், "கிளாசுக்கு நேரமாவுது, கெளம்பு" என்று விரட்டுகிறார். என்மேல் அக்கறையா, நான் இருப்பது சலித்துவிட்டதா, தெரியவில்லை. இறங்கும்போது கோபமாகத்தான் இறங்குகிறேன். பிறகு ரோட்டைத் தாண்டி யார்டு கேட்டைப் பார்த்ததும் கோபம் எங்கோ போய்விடுகிறது.

உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? இரண்டு மணி அடிக்கும்போது எனக்கு வீட்டுக்கு வரப் பிடிப்பதில்லை. அவரைப் பிடிக்காமல் இல்லை. அந்த நான்கு மணி நேரத்தில் நான் வேறு ஒரு பெண். அவளுக்குப் படுத்த படுக்கையாக யாரும் இல்லை. சூப்பர்வைசர் காலித் பாய் தூரத்திலிருந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஓடிப்போய் நிற்கிறாள், சிரிக்கிறாள். இரண்டு மணிக்கு அவளை கேட்டிலேயே விட்டுவிட்டு வருகிறேன்.

இந்த வருடம் வீட்டுக்கு வந்து விசாரித்து எழுதிக்கொண்டு போவார்களாம், உதவி வாங்குகிற எல்லோர் வீட்டுக்கும். ஆகஸ்டில் இருக்கும் என்கிறார்கள். என்ன கேட்பார்களோ.

உன் அண்ணி
ரமாபாய்


ஆம்பூர்
18 மே 2025

அண்ணிக்கு,

ஜெய்பீம். அண்ணன் நலம் என்று இன்று போனில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நானும் அவரிடம் "நல்லா கீறேன்" என்றுதான் சொன்னேன். அது பொய்.

இரண்டாவது மாதமும் பணம் வராததால் தாலுகா ஆபீசுக்குப் போனேன். நான்கு மணி நேரம் நின்றேன். அங்கே இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "நீங்கதான் எண்ணூர்ல வேலை பார்க்கிறீங்களேம்மா" என்றார். என் ஆதார் நம்பரில் பிப்ரவரியிலிருந்து ஒரு கண்டெய்னர் யார்டில் மாதச் சம்பளமாம், பி.எஃப். பிடித்தமாம். சம்பளம் போவது என் பழைய வியாசர்பாடிக் கணக்குக்கு. வேலையில் இருக்கிறவள் ஆதரவற்றவள் இல்லையாம். வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்தாலும் வரும் என்றார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் என்னைத் திருடியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

ஆம்பூருக்குக் குடிவந்தபோது அந்தப் பாஸ்புக், கார்டு, ஆதார் நகல் எல்லாவற்றையும் உங்கள் பீரோவில்தான் வைத்துவிட்டு வந்தேன். எந்தப் பெயரில் சேர்ந்தீர்கள் என்று இரண்டு தடவை கேட்டேன், அண்ணி.

வீட்டுக்காரர் இந்த மாதம்வரை பொறுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

கார்குழலி


ஆம்பூர்
15 ஜூன் 2025

அண்ணிக்கு,

நான்கு ஞாயிறு போய்விட்டது. போனில் அண்ணனிடம் கொடுத்துவிட்டு நீங்கள் துணி காயப்போடப் போய்விடுகிறீர்கள். கடிதம் கிடைத்ததா இல்லையா என்றாவது எழுதுங்கள். கிடைக்கவில்லையென்றால் மறுபடி எழுதுகிறேன், எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் மனப்பாடம்.

மித்ரா நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள்.

கார்குழலி


எர்ணாவூர்
6 ஜூலை 2025

அன்புள்ள குழலிக்கு,

ஜெய்பீம். நலமா என்று உன்னைக் கேட்க எனக்கு வாய் இல்லை. உன் கடிதம் மே மாதமே கிடைத்தது. அரிசி டப்பாவுக்குள் வைத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் அரிசி அளக்கும்போது கையில் பட்டது.

எல்லாம் நான் செய்ததுதான். என் பெயரில் சேர்ந்தால் கவனித்துக்கொள்கிறவளுக்கான பணம் நின்றுவிடும், அதை வைத்து மற்றதையும் தோண்டுவார்கள் என்று பயந்தேன். யார்டில் ஒருவர் பெயரில் இன்னொருவர் வேலை பார்ப்பது புதிதில்லை. தம்பி பெயரில் அண்ணன் வருவான், மகள் பெயரில் அம்மா கூட்டுவாள். ஒரு பெயர் கொடு என்றார்கள். பீரோவில் உன் பெயர் இருந்தது. பழைய கணக்குதானே, யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். உன் விதவைத் தொகை என் நினைவிலேயே வரவில்லை. வந்திருந்தாலும் கொடுத்திருப்பேனோ என்னவோ, அது எனக்கே தெரியவில்லை. அதனால்தான் இத்தனை நாள் எழுத முடியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. பயத்தில் எடுத்த பெயர் பிறகு எனக்குப் பிடித்துப்போனது. காலித் பாய் "குழலி" என்று கூப்பிடும்போது நான் குழலிதான். காலிப் பெட்டிக்குள் நின்று நான் சொல்லிப் பார்த்தது உன் பெயரைத்தான். ரமாபாய் என்றால் மருந்துச் சீட்டு, மூத்திரப் பை, கையெழுத்து, வரிசை. குழலிக்கு அதெல்லாம் கிடையாது என்று நினைத்துக்கொண்டேன். நீ அங்கே வாடகைக்கு அலைவதையும் ஊசி குத்திய விரலையும் அந்தக் குழலியோடு நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை. உன் கஷ்டத்தை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கணக்கில் இருப்பதை மணியார்டர் செய்திருக்கிறேன். வாடகைக்குக் கொடு. நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல். திட்டினாலும் எழுதித் திட்டு.

ரமாபாய்


ஆம்பூர்
16 ஜூலை 2025

அன்புள்ள அண்ணிக்கு,

ஜெய்பீம். அண்ணன் உடம்பு எப்படி? உங்கள் முட்டி எப்படி? மணியார்டர் வந்தது, வாடகை கொடுத்தாகிவிட்டது.

எழுதித் திட்டச் சொன்னீர்கள். நான்கு தாள் எழுதினேன். மித்ரா படித்துவிட்டு, "அத்தைகிட்ட இத அனுப்பாத, அனுப்பிட்டா திருப்பி வாங்க முடியாது" என்றாள். கிழித்துவிட்டேன். கோபம் கிழியவில்லை.

உங்களுக்குப் பிடித்துப்போன அந்தக் குழலி நானில்லை. எனக்கும் அவளைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரை வைத்துத்தான் நான் சோறு சாப்பிடுகிறேன், அண்ணி. திருப்பிக் கொடுங்கள்.

யார்டில் போய் உண்மையைச் சொல்லுங்கள். குழலி இங்கே வேலை பார்த்ததில்லை என்று அவர்கள் ஒரு கடிதம் தர வேண்டும். உங்கள் பெயரில் சேருவீர்களோ, வேலையை விடுவீர்களோ, அது உங்கள் முடிவு. விடச் சொல்லி நான் கேட்க மாட்டேன். கட்டிலுக்கு அடியில் ஷூ வைத்திருக்கிறவள் உங்களுக்கு நியாயம் சொல்ல முடியாது. நாம் இரண்டு பேரும் உழைக்கிறதைத்தான் ஒளித்து வைக்கிறோம், வேறு எதைத் திருடினோம்? இருந்தாலும் நான் என் கட்டிலுக்கு அடியில் ஒளித்தேன். நீங்கள் என் தலையில் ஒளித்துவிட்டீர்கள்.

அண்ணனிடம் நான் சொல்ல மாட்டேன். விசாரணைக்கு வருவதற்குள் நீங்களே சொல்லிவிடுங்கள்.

உங்கள்
கார்குழலி


எர்ணாவூர்
31 ஆகஸ்ட் 2025

அன்புள்ள குழலிக்கு,

ஜெய்பீம். யார்டின் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேனே, கிடைத்ததா? காலித் பாய் முதலில் கத்தினார். பிறகு அவரே கான்ட்ராக்டரிடம் போய்ப் பேசி எழுதி வாங்கிக் கொடுத்தார். ஆகஸ்ட் ஒன்றாம் தேதியிலிருந்து என் பெயரில்தான் வேலை. முதல் நாள் "ரமாபாய்" என்று கூப்பிட்டபோது நான் திரும்பவில்லை. மூன்றாம் தடவைதான் காதில் விழுந்தது.

ஆனால் உன் அண்ணனிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று தள்ளினேன்.

போன வியாழக்கிழமை விசாரிக்க வந்தார்கள். ரேச்சல் மேடம் என்று பெயர், அமைதியான பெண், செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். படுக்கை, முதுகு, மருந்து எல்லாம் பார்த்தார். பிறகு, மனைவி வேறு எங்காவது வேலைக்குப் போகிறாரா என்று அவரிடம் கேட்டார். இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்துவிட்டேன், குழலி. யார்டில் என் பெயரை எழுதிக் கொடுத்த பிறகும் வாய் அப்படித்தான் திறந்தது.

"போறா மேடம்" என்றார் உன் அண்ணன். "யார்டுல டேலி பாக்குறா. நான் வுயுந்த யார்டு."

அடுப்புத் திண்டைப் பிடித்துக்கொண்டேன். மேடம் என்னைப் பார்க்காமல் அவரையே பார்த்து, எப்படித் தெரியும் என்று கேட்டார். சோறு வடிக்கும்போது நான் நம்பர் முணுமுணுப்பேனாம். நான்கு எழுத்து, ஏழு நம்பர். பதினைந்து வருடம் பெட்டி மேல் ஏறி லாக் கழற்றியவருக்கு அது என்ன என்று தெரியாதா? மார்ச் மாதத்திலிருந்தே தெரியுமாம். அதுதான் ஒன்பதரைக்கே விரட்டியிருக்கிறார்.

அந்த நேரத்தில் உங்களை யார் பார்த்துக்கொள்வது என்று மேடம் கேட்டார். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பன்னண்டு மணிக்கு கீய கடைக்காரம்மா வந்து திருப்பிப் போட்டுட்டு போவும். மத்த நேரம் நான் மட்டும்தான். ஆறு வருசத்துல இப்பதான் மேடம் நான் தனியா கீறேன். என் மூஞ்சியப் பாத்துகினு, எனக்கு இன்னா வோணும் இன்னா வோணும்னு யாரும் நிக்கல. அதுவும் எனக்கு வோணும். அத்தயும் எழுதிக்கோங்க."

மேடம் எழுதினார். என்ன ஆகும் என்று கேட்டேன். தான் பார்த்ததை எழுதுவதுதான் தன் வேலை, முடிவு மேலிடத்தில் என்று சொல்லிவிட்டு, நான் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஏழு மாதம் அவரை விட்டுவிட்டுப் போகிறேனே என்று நான் உருகிக்கொண்டிருக்க, இவர் இங்கே நிம்மதியாக இருந்திருக்கிறார். அப்படி என்னதான் செய்வீர்கள் என்று கேட்டேன். பதினோரு மணிக்கு மாடித் தொட்டி வழிந்து சன்ஷேடில் தண்ணீர் தேங்குமாம். வெயில் அதில் பட்டு, அவர் அண்ணாந்து பார்க்கிற மேல்தளம் முழுக்க ஒளி அலையாடுமாம். அவர் அதில் ஒரு கப்பலை விடுவாராம். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிளம்பி, மாதா கோயில், ஆர்பர் எல்லாவற்றையும் தாண்டி, கரை தெரியாத இடம்வரை போய்விட்டு, சிலுவையம்மாள் வரும் நேரத்துக்குத் திரும்பிவிடுவாராம். எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார் தெரியுமா? என்னை ஒரு நாளாவது ஏற்றிக்கொண்டீர்களா என்று கேட்டேன்.

"நீதான் டூட்டில கீறியே" என்றார்.

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு நான் அழுதேன். உன் பெயரை எடுத்ததையும் அன்றே சொல்லிவிட்டேன். அதற்கு மட்டும் அவர் இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுக்கவில்லை.

உன் அண்ணி
ரமாபாய்


ஆம்பூர்
10 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

ஜெய்பீம். மித்ரா பிளஸ் ஒன் போய்வருகிறாள், புத்தகப் பை முதுகை இழுக்கிறது என்கிறாள். என் விரல் பரவாயில்லை.

யார்டின் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்று தடவை அலைந்தேன். நோட்டீஸ் வராது, பணம் மறுபடி வரும், எப்போது என்று தெரியாது என்கிறார்கள்.

போன ஞாயிறு நீங்கள் தண்ணீர் பிடிக்கக் கீழே போயிருந்தபோது அண்ணன் என்னிடம் பேசினார். "உன் பேர நாங்க துன்னுட்டோம்டி" என்றார். நாங்கள் என்றுதான் சொன்னார், அவள் என்று சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கிறார் என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. சின்ன வயதில் என் பென்சிலை உடைத்துவிட்டுக்கூட ஸாரி சொல்லாதவர்.

உங்கள்மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது. மீதியை நானே வைத்துக்கொள்கிறேன், அவ்வப்போது தேவைப்படும்.

மேலிடத்திலிருந்து ஏதாவது வந்தால் உடனே எழுதுங்கள்.

உங்கள்
கார்குழலி


எர்ணாவூர்
19 அக்டோபர் 2025

அன்புள்ள குழலிக்கு,

ஜெய்பீம். உன் பணம் மறுபடி வர ஆரம்பித்துவிட்டது என்று நீ சொன்னதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்குகிறது. மித்ரா படிக்கிறாளா? இங்கே மழை பிடித்துக்கொண்டது. உன் அண்ணனுக்குச் சளி இல்லை, மேல்தளத்தில் வெயில் இல்லை என்பதுதான் அவருக்குக் குறை.

மேலிடத்திலிருந்து தாள் வந்துவிட்டது. அவருடைய பராமரிப்புத் தொகை தொடரும். உரிமைத்தொகையை யாரும் தொடவில்லை. கவனித்துக்கொள்கிறவளுக்கான தொகை மட்டும், அந்தப் பெண் பணியில் இருப்பது தெரியவந்ததால், மறுபரிசீலனை முடியும்வரை நிறுத்தி வைக்கப்படுகிறதாம். மூன்றும் போகும் என்று பயந்து உன்னைத் தெருவில் நிறுத்தினேன். போனது ஒன்று. அதற்கும் எதிர்மனு போடலாம் என்று ரேச்சல் மேடம் சொல்லியனுப்பினார், போடப் போகிறேன். யார்டு வேலையை விடப் போவதில்லை.

தாள் வந்தது காலை ஒன்பதே காலுக்கு. படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். "அப்போ இனிமே நீ எனக்கு இன்னா?" என்று கேட்டார்.

நான் விளையாட்டாக, "மறுபரிசீலனைல கீறேன்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஆறு வருசமா எல்லாத் தாள்லயும் நீ பராமரிப்பாளர்னு கையெய்த்து போட்ட. என் விரலப் புடிச்சி பயனாளின்னு மிசின்ல வெச்ச. அதுல வேற எதனா இருந்தமான்னே மறந்துட்சி, ரமா" என்றார்.

ரமா என்று அவர் கூப்பிட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. எனக்கும் தெரியவில்லையே, குழலி. அவருக்கு முகம் துடைக்கிறேன், வாயைத் துடைக்கிறேன், அந்த முகத்தைப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று? ஒன்பதரை ஆகிவிட்டது. அவரைத் திருப்பிப் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டிய நேரம். திருப்பினேன். கிளம்பவில்லை. கட்டிலில் அவர் முதுகுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருந்தது, அதில் படுத்துக்கொண்டேன். ஆறு வருடமாக அந்தக் கட்டிலைச் சுற்றித்தான் என் வேலையெல்லாம், அதில் நான் படுத்ததே இல்லை. என் நெற்றி அவர் முதுகில் இருந்தது. அந்த இடத்தில் அவருக்கு உணர்ச்சி கிடையாது. ஆனாலும் அவருக்குத் தெரிந்தது, ஏனென்றால் பேச ஆரம்பித்தார். கல்யாணமான புதிதில் கல்மண்டபத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றோமே, அதைப் பற்றிப் பேசினார். எனக்கு ஞாபகம் இல்லாததையெல்லாம் சொன்னார். கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

யார்டுக்கு ஒரு மணி நேரம் தாமதம். கேட்டில் காலித் பாய் நோட்டை வைத்துக்கொண்டு நின்றார். ஏன் லேட், வீட்டில் அவருக்கு உடம்பு சரியில்லையா, வேலை அதிகமா என்று கேட்டார். எப்போதும் சொல்கிற பதில் வாய்வரை வந்தது. அதைச் சொல்லவில்லை.

"வேல ஒண்ணும் இல்ல பாய்" என்றேன். "வூட்டுக்காரர்கூட பேசிகினு இருந்தேன்."

உன் அண்ணி
ரமாபாய்